பீடோங்கில் தீப்பிடித்த கிறிஸ்துமஸ் தாத்தா

கிறிஸ்துமஸ் தாத்தா தீப்பிடித்து எரிந்ததை நேரில் பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மலேசியாவில், எங்கள் பீடோங்கில் மட்டும் ஒரு லோரி நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது சந்தையில் பார்த்தால், இன்றைக்கும் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இடுப்பைத்தான் பார்ப்பார்கள். எரிந்தது அங்கேதான்.

எரிந்த தாத்தா நான். அப்போது எனக்குத் தாத்தா ஆகும் வயதில்லை. உடம்பும் அதற்கேற்ற உடம்பில்லை. சிவப்பு அங்கிக்குள் தலையணையைக் கட்டித்தான் தொப்பை வரவழைக்க வேண்டியிருந்தது. (பிற்காலத்தில் தலையணை தேவைப்படாமல் போனது வேறு விஷயம்.)

எண்பதுகளின் கடைசி அது. பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் லியோங் என்கிற சீன அம்மையாரிடம் நான் உதவியாளராக இருந்தேன். என்ன வேலை என்றால், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. (சிரிக்காதீர்கள். அதற்கு இன்னும் நேரமிருக்கிறது.)

அந்தக் காலத்து டார்ச் பேட்டரி தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். லித்தியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்தால் விரல் அளவு பேட்டரியில் நிறைய மின்சாரத்தை அடைக்கலாம். தீர்ந்ததும் மறுபடி நிரப்பலாம். ஒரே ஒரு தொல்லை. பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது லித்தியம் தன் இடத்தை விட்டுக் கரைந்து போகும். சார்ஜ் செய்யும்போது திரும்பி வரும். ஆனால் போனபடி வராது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மாதிரி தலை கலைந்து, சட்டை கசங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, மெல்லிய முடி முடியாக வளரும். நடுவில் தடுப்பாக ஒரு சவ்வு இருக்கும். ஏதாவது ஒரு முடி அந்தச் சவ்வைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போய்த் தொட்டுவிட்டால், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடேறித் தீப்பிடிக்கும். அந்த முடியை வளரவிடாமல் செய்வதுதான் எங்கள் ஆராய்ச்சி.

இதை அம்மாவுக்கு எளிமையாக விளக்க நினைத்து, “பேட்டரிக்குள்ள முடி வளராம பாத்துக்கிறதும்மா எங்க வேல” என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ‘முடி’ மட்டும் நன்றாகக் கேட்டது. பீடோங் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பு முழுக்க, சேவியர் பினாங்கில் பெரிய முடிவெட்டும் கடையில் இருக்கிறான் என்று செய்தி பரவிவிட்டது. லீவுக்கு வந்தபோது இரண்டு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

அந்த அவமானம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைக்கிறேன். நான் முடிவெட்டுகிறவன் இல்லை, விஞ்ஞானி என்பதை ஒரே நாளில் தோட்டம் முழுவதற்கும் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்திருந்தது.

அதற்கு வசதியாக டாக்டர் லியோங்கே வழி திறந்துவிட்டார். புதிய சவ்வு போட்ட பேட்டரிகள் ஆய்வுக்கூடத்து மேசையில் ஒன்றுகூடத் தகராறு செய்யாமல் மாதக்கணக்கில் ஓடின. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இது: “இங்கே நாம பேட்டரியைப் பச்சைக் குழந்தை மாதிரி தாங்குறோம். வெளியில யார் தாங்குவாங்க? லீவுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. டார்ச்சுல போடுங்க, ரேடியோவுல போடுங்க. சாதாரண ஜனங்க எப்படிப் புழங்குவாங்களோ அப்படிப் புழங்குங்க. என்ன நடக்குதுன்னு வந்து சொல்லுங்க.”

ஆளுக்கொரு மரப்பெட்டி கொடுத்தார். பேட்டரிகள் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனிக் குழி வெட்டிய பெட்டி. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர், “உள்ளே கோழிக்குஞ்சா?” என்று கேட்டார். அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருந்தேன்.

எங்கள் தோட்டத்து மாதா கோயிலிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேரல் பாடிக்கொண்டு லோரியில் போவோம். செம்பனைப் பழம் ஏற்றும் லோரி. எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் வாசம் போகாது. உட்கார்ந்தால் முள் குத்தும். கித்தார், தம்புரின், ஒரு டோலக், அதற்குமேல், கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் மிக்கேலின் குரல். உபதேசியாருக்கு மைக் தேவையில்லை. அவர் பாடினால் அடுத்த தோட்டத்தில் விளக்குப் போடுவார்கள். லோரியை ஓட்டுவது முனியாண்டி அண்ணன். அவர் கும்பிடுவது முனீஸ்வரரை. ஆனால் எங்கள் கேரல் பாட்டெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் மனப்பாடம். நாங்கள் இரண்டாவது அடியை மறந்தால் முன்னாலிருந்து அவர் எடுத்துக்கொடுப்பார்.

அந்த வருஷம் தாத்தா வேஷம் எனக்கு. தங்கச்சி ரீத்தா பழைய சிவப்புத் திரைச்சீலையை வெட்டி அங்கி தைத்தாள். தாடி, மருந்துக்கடைப் பஞ்சு. முகத்துக்கு, சிரிக்கிற கன்னங்களோடு ஒரு பிளாஸ்டிக் முகமூடி. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. அந்தச் சின்ன விஷயம் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று யாருக்கும் தெரியாது.

ரீத்தா அட்டையில் ஒரு நட்சத்திரம் வெட்டி, அதில் சின்னச் சின்னச் சிவப்பு பல்புகள் வைத்து என் நெஞ்சில் தைத்தாள்.

“அண்ணே, போன வருஷம் மாதிரி பாதியிலயே பேட்டரி தீந்து, தாத்தா இருட்டுல நிக்கப் போறாரு” என்றாள்.

“இது என்னா பேட்டரின்னு தெரியுமா உனக்கு? மலேசியாவுலயே வேற எவன்கிட்டயும் இல்லலா!”

“அதான் பயமா இருக்கு.”

இரண்டு பேட்டரியை நட்சத்திரத்துக்குப் பொருத்தினேன். எல்லோருக்கும் காட்ட மிச்சத்தை மரப்பெட்டியோடு எடுத்துப் போகலாம் என்றால், தாத்தா கையில் கோழிக்குஞ்சுப் பெட்டி நன்றாகவா இருக்கும்? பேட்டரிகளை எடுத்து மிட்டாய் மூட்டைக்குள் போட்டுக்கொண்டேன். சாதாரண ஜனங்கள் எப்படிப் புழங்குவார்களோ அப்படித்தானே புழங்கச் சொன்னார்? புழங்கினேன்.

மூட்டையில் இருந்தது தங்கக் காசு மாதிரி ஈயத்தாள் சுற்றிய சாக்லேட். இதுவும் கதைக்கு முக்கியம்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் புறப்பட்டோம். என் நெஞ்சில் நட்சத்திரம் ஜொலித்த ஜொலிப்பைப் பார்த்து முதல் வரிசை வீட்டிலேயே ஒரு கிழவர் கண்ணைக் கைவைத்து மறைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு முடிந்ததும், உபதேசியார் ஜெபம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நான் முகமூடியைத் தூக்கிக்கொண்டு லித்தியத்தைப் பற்றி ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். தீராத ஒளி, திரும்ப நிரப்பும் சக்தி, எதிர்கால உலகம் என்றெல்லாம் பேசினேன். நான்காவது வீட்டில் உபதேசியார் பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொன்னார்:

“தம்பி, இயேசு பொறந்த சேதியச் சொல்ல வந்திருக்கோம். உன் பேட்டரி பொறந்த சேதிய இல்ல.”

பிள்ளைகள் மூட்டைக்குள் கைவிட்டுத் தாங்களே சாக்லேட் எடுக்கலாம் என்பது என் ஏற்பாடு. ஒரு சின்னப் பெண், பற்கள் விழுந்த வாயோடு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அவள் பெயர் அமலா என்று பிறகு தெரிந்துகொண்டேன். உபதேசியார் சுத்தக்காரர். “குப்பையக் கீழ போடாதீங்க பிள்ளைங்களா! தாள தாத்தா மூட்டையிலயே போடுங்க!” என்று கட்டளையிட்டுக்கொண்டே வந்தார். பிள்ளைகளும் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு, ஈயத்தாளைக் கசக்கி உருட்டி, சமத்தாக என் மூட்டைக்குள் போட்டார்கள். வீட்டுக்கு வீடு சாக்லேட் குறைந்தது, ஈயத்தாள் உருண்டை கூடியது. நடுவில் என் பேட்டரிகள்.

எங்களிடம் முடி என்ற ஒரே ஒரு பயம்தான் இருந்தது. ஆபத்து உள்ளேயிருந்து வரும் என்றே காத்திருந்தோம். வெளியே ஒரு தாளுருண்டை இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துத் தொட்டால் போதும், அதுவும் ஷார்ட்தான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தாத்தா வேஷத்தில் இருக்கிறவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

தோட்டத்து வீடுகள் முடிந்து பீடோங் டவுனுக்கு வந்தோம். காதர் பாய் கடையில் டீ குடிப்பது எங்கள் கேரலின் மாறாத சடங்கு. ஒரு பக்கம் மளிகைச் சாமான், மறுபக்கம் நான்கு மேசை போட்ட சாப்பாட்டுக்கடை. பாய் எங்களுக்காகவே டீயும் பிஸ்கட்டும் தயாராக வைத்திருப்பார். நாங்கள் அவர் கடை வாசலில் ஒரு பாட்டுப் பாடுவோம். ‘சத்தமா பாடுங்க, எதிர்க் கடைக்காரனுக்குக் கேக்கணும்’ என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

பாட்டின் நடுவில் என் இடது இடுப்பு கதகதப்பாக இருந்தது. மூட்டை தொங்கிய பக்கம். திரைச்சீலை, தலையணை, கெடா மாநிலத்து வெக்கை, வேர்க்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சாக்லேட் காய்ச்சுகிற வாசனை வந்தது. பாய் ஏதோ புதுப் பலகாரம் போடுகிறார் என்று நினைத்து நாக்கில் எச்சில்கூட ஊறியது. அதற்குப் பிறகுதான் ரீத்தா தம்புரினை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பதைக் கவனித்தேன்.

“அண்ணே... உங்க மூட்ட பொகையுது.”

குனிந்து பார்த்தேன். தொப்பை மறைத்தது. அதை விலக்கிப் பார்ப்பதற்குள் ‘உஸ்’ என்று பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். மூட்டையின் பக்கவாட்டிலிருந்து தீ ஒரு முழம் நீளத்துக்குப் பீறிட்டது. திரைச்சீலை பற்றிக்கொண்டது.

அந்த நொடியில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இது லித்தியம். தண்ணீர் பட்டால் இன்னும் எரியும். தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சரியான விஞ்ஞான அறிவுரையை அவ்வளவு சரியான நேரத்தில் நான் சொன்னதே இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

“தண்ணி வேணாம்! தண்ணி வேணாம்!”

வாய் ஓட்டை இல்லாத முகமூடி, அதற்குமேல் அரைக்கட்டுப் பஞ்சுத் தாடி. அதையெல்லாம் தாண்டி வெளியே போய்ச் சேர்ந்தது, “தண்ணி வேணும்! தண்ணி வேணும்!”

“தண்ணி கேக்குறான்டா, ஓடுங்கடா!” என்று உபதேசியார் கர்ஜித்தார்.

எங்கள் கேரல் குழுவின் ஒற்றுமையை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒருவர் கிளாஸ் கழுவுகிற வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையையும் ஆட்டி, “வேணாம்! வேணாம்!” என்று அலறினேன்.

“வரேன் தம்பி, வரேன்! இந்தா!”

முழு வாளியும் மூட்டையின்மேல் விழுந்தது. ‘டப்’ என்று ஒரு வெடி. தீ என் நெஞ்சுயரம் எழும்பியது. தாடியின் நுனி பற்றியது. பிள்ளைகள் வீறிட்டார்கள். யாரோ, “இன்னொரு வாளி கொண்டா!” என்றார்கள். ஏன் கொண்டுவர மாட்டார்கள்? நான்தானே தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூட்டையைக் கழற்றி எறிய முயன்றேன். அது நழுவாமல் இருக்க ரீத்தா அங்கியோடு சேர்த்துத் தைத்திருந்தாள். நல்ல தையல். அப்போதுதான் லோரியிலிருந்து முனியாண்டி அண்ணன் குதித்தார். பழத்தை மூடுகிற தடித்த கித்தான் துணியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே இழுப்பில் மூட்டையைத் திரைச்சீலையோடு பிய்த்து ரோட்டோரம் வீசினார். கித்தானை என்மேல் போர்த்தி, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எரிகிற தாடி அவர் கன்னத்தில் இடித்தது. விடவில்லை. “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா” என்று சொல்லிக்கொண்டே, நெருப்பு மூச்சு முட்டி அடங்கும்வரை என்னை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்திருந்தார்.

ரோட்டோரம் கிடந்த மூட்டை மட்டும் அடங்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் சீறின. இரண்டாவது வாளி அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் முகமூடியை ரீத்தா பிடுங்கினாள். முதன்முறையாக என் குரல் உலகத்துக்குக் கேட்டது:

“தண்ணி ஊத்தாதீங்க!”

வாளிக்காரர் அப்படியே நின்றார். “இவ்வளவு நேரம் வேணும்னியே?” என்றார், உண்மையாகவே மனம் புண்பட்டு.

“மண்ணு! மண்ணப் போடுங்க!” என்று கத்தினேன். பீடோங் டவுனில் தார் ரோட்டின் நடுவில் மண்ணுக்கு எங்கே போவது? காதர் பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். கடை வாசலில் கல்லுப்பு மூட்டை இருந்தது. கைலியை மடித்துக் கட்டினார், மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார், தள்ளாடிக்கொண்டே போய் நெருப்பின்மேல் அப்படியே கவிழ்த்தார். வெள்ளையாக ஒரு குன்று எழுந்தது. ஓரத்தில் கொஞ்சம் புகை வந்தது. ஒரு சீறல். பிறகு ஒன்றுமில்லை.

அமைதியில் ஒரு பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. “தாத்தா செத்துட்டாரா?”

உபதேசியார் சமாளித்தார். “இல்ல கண்ணு. வட துருவத்துல இருந்து வந்தவர்லா. நம்மூர்ச் சூடு ஒத்துக்கல.”

என் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. தலையணை இல்லையென்றால் அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று கிளினிக் டாக்டர் விரிவாக விளக்கினார். முனியாண்டி அண்ணனுக்குக் கன்னத்தில் ஒரு கோடு, மீசையில் ஒரு பக்கம் பாதி. கிளினிக்கிலிருந்து திரும்பி வந்து, காதர் பாயின் கைலியைக் கட்டிக்கொண்டு அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கேரல் நிற்கக் கூடாது என்று உபதேசியார் சொல்லிவிட்டதால், டவுனில் மிச்சமிருந்த வீடுகளுக்கு, கருகிய தாடியை ஒட்டிக்கொண்டு முனியாண்டி அண்ணனே தாத்தாவாகப் போனார். என்னைவிட நன்றாகச் செய்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். லித்தியத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

பாய் எனக்குக் கோழிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். திடீரென்று அந்தச் சின்னப் பெண்ணின் கை ஞாபகம் வந்தது. தோள்வரை மூட்டைக்குள் விட்டுத் துழாவினாளே, அந்தக் கை. தட்டைத் தள்ளி வைத்தேன். பாய் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“என்னா தம்பி, எரியுதா?”

“அந்தப் புள்ள கைய விட்டப்ப இது ஆயிருந்தா...”

“ஆகலல்ல? அல்லா காப்பாத்திட்டான். மொதல்ல சாப்பிடு. பொறவு போயி, இனிமே ஆகாம இருக்க என்னா வழின்னு பாரு. அதானே ஓன் வேல?”

அம்மா என்னைக் கைலியோடு பார்த்ததும் அழுதார். அழுது முடித்ததும், “நான் சொன்னேன்ல, அந்த முடிவெட்டுற வேலையே போதும்னு” என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்து பினாங்குக்குத் திரும்பினேன். கருகிய மிச்சங்களை உப்போடு சேர்த்து அள்ளி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். வேலை போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபெரியில் நின்றுகொண்டு, முடிவெட்டக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று நிஜமாகவே யோசித்தேன்.

டாக்டர் லியோங் டின்னைத் திறந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளைகள் யாருக்காவது அடிபட்டதா?”

“இல்லை.”

“உனக்கு?”

காட்ட முடியாத இடம் என்பதால் வாயால் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, இடுக்கியை எடுத்து உப்புக்குள் துழாவினார். பாதி எரிந்த ஒரு பேட்டரியைத் தூக்கினார். அதன் தலைமாட்டில் ஈயத்தாள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனை நாளா முடி, முடின்னு உள்ளேயே பாத்துக்கிட்டிருந்தோம்” என்றார் கடைசியில். “மிட்டாய்த் தாளைப் பத்தி நாம யாருமே யோசிக்கலையே. நானும் யோசிக்கல. ஜனங்க புழங்குற மாதிரி புழங்குன்னு சொன்னது நான்தான். நீ சொன்னதைச் செஞ்சிருக்க.” பிறகு என்னைப் பார்த்தார். “கொஞ்சம் அதிகமாவே செஞ்சிருக்க.”

வேலை போகவில்லை. அதற்குப் பதிலாக வேலை கூடியது. திரும்பத் திரும்ப சார்ஜ் ஆன லித்தியம் புதிய லித்தியத்தைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும். பாசி படர்ந்ததுபோல அதன் மேற்பரப்பு பெருகிவிடும். ஆகவே பழகிய பேட்டரிகளைத்தான் பாடாய்ப் படுத்திப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. வெளிமுனையைக் குழிக்குள் இறக்கி வைத்தோம், எதுவும் சுலபத்தில் தொடாதபடி. அப்படியும் ஷார்ட் ஆனால் அளவுக்கு மீறிய மின்சாரத்தை உடனே துண்டிக்க ஒரு சின்ன ஃபியூஸ் சேர்த்தோம். உள்ளே அழுத்தம் ஏறினால் பீறிட்டு வெடிக்காமல் மெதுவாக வெளியேற, உறையில் ஒரு மெல்லிய வாய் வெட்டினோம். சவ்வு வேலையும் நிற்கவில்லை. இத்தனையும் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சோதனை: பேட்டரிகளை ஈயத்தாள் உருண்டைகளோடு ஒரு பைக்குள் போட்டு, கனத்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இயந்திரம் வைத்துக் குலுக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடத்தில் ‘தாத்தா டெஸ்ட்’ என்று பெயர். சீனர், மலாய்க்காரர் எல்லோரும் ‘தாத்தா’ என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ‘குலுக்குதல்’ என்று நினைத்துக்கொண்டிருந்தவரும் உண்டு. சோதனைக்கு வேண்டிய ஈயத்தாளுக்காக நாங்கள் தின்று தீர்த்த சாக்லேட்டுக்குக் கணக்கில்லை.

முதல் தாத்தா டெஸ்ட்டில் எதுவும் எரியாமல் போன அன்று, டாக்டர் லியோங் சட்டென்று கேட்டார்: “உப்புப் போடணும்னு யாருக்குத் தோணிச்சு?”

“கடைக்காரருக்கு.”

அவர் மூலையில் நின்ற மஞ்சள் சிலிண்டரைக் காட்டினார். உலோகம் எரிந்தால் அணைப்பதற்கான பொடி. வருஷா வருஷம் அதை வைத்துப் பயிற்சி எடுத்திருக்கிறேன். “அதுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் உப்புத்தான்” என்றார். அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்று பீடோங்குக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

டாக்டர் தன் கடையில் உட்கார்ந்து, எப்படி உப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டதும் பாய் முழித்தார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

“தேர்ந்தெடுக்கிறதா? பக்கத்துல அரிசி மூட்டையும் இருந்துச்சு தம்பி. அரிசியக் கொட்ட மனசு வரல. அத இப்படியே அவங்ககிட்டச் சொல்லாத.”

சொன்னேன். டாக்டர் லியோங் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு எழுந்து நின்று பாய்க்குக் கைகுவித்து வணக்கம் சொன்னார். பாய் அதற்குப் பிறகு தன் வாடிக்கையாளர்களிடம் ‘விஞ்ஞானத்துல நமக்கும் ஒரு பங்கு இருக்கு’ என்று சொல்ல ஆரம்பித்தார். அதில் பொய் ஒன்றுமில்லை.

நாங்கள் உழைத்த அந்த வகை பேட்டரி கடைக்கு வரவே இல்லை. லித்தியத்தின் முடியை நாங்கள் முழுதாக அடக்கவில்லை. இன்றைக்கும் யார் யாரோ எங்கெங்கோ அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அந்தத் தீ ஒரு தொழிலைக் கொடுத்தது. பிறகு எங்கள் மாநிலத்திலேயே கூலிம் என்ற ஊரில் தொழிற்சாலைகள் வந்தபோது பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: இதைக் குழந்தை கையில் கொடுத்தால் என்ன ஆகும்? கூட்டத்தில் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். நான் விடமாட்டேன்.

எரிச்சல் ஆறியது, தழும்பு இருக்கிறது. முனியாண்டி அண்ணன் தன் கன்னத்துக் கோட்டைத் தடவிக்கொண்டு, “இது கிறிஸ்துமஸ் பரிசுலா” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் எனக்காக நெருப்பைக் கட்டிப்பிடித்த ஒரு மனிதர், தன் கடைச் சரக்கைக் கொட்டிய ஒரு மனிதர், கேட்டதும் வாளி தூக்கிய இத்தனை பேர் (தப்பாகக் கேட்டது அவர்கள் குற்றமில்லை). முட்டாள்தனத்துக்கு இவ்வளவு கருணை கிடைக்கும் என்று எந்த ஆய்வுக்கூடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரீத்தா வீட்டில் கூடுவோம். சாப்பாடு முடிந்ததும் அவள் இந்தக் கதையை எடுப்பாள். வருஷத்துக்கு ஒரு சாண் வீதம் தீ உயரமாகிக்கொண்டே போகிறது; இப்போது தந்திக் கம்பியைத் தொட்டுவிட்டது. போன வருஷம் அவளுடைய பேத்தி, நான்கு வயது, கதையை முதன்முறையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் என் அருகில் வந்து, என்னை மேலிருந்து கீழ்வரை சந்தேகமாகப் பார்த்தாள்.

“அப்ப ஏன் தாத்தா நீங்க முழுசா எரியல?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“எல்லாரும் சேந்து என்னை அணைச்சுட்டாங்க கண்ணு” என்றேன்.

அவள் உடனே இரண்டு கையையும் விரித்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள்.